பச்சை மரத்து ஆசாரி

எதிரே நிற்கிறவரின் முகத்தைப் பார்த்துப் பேசும் வழக்கம் அந்த ஆசாரிக்குக் கிடையாது. காலைப் பார்த்துத்தான் பேசுவார். முதல் நாள் எங்கள் சாலை பஜார் கடைக்குள் அவர் தலையைக் குனிந்தபடி நுழைந்தபோது, எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறார் என்று நினைத்து என் மாமனார், "வேய், என்ன தேடுகீரு? இங்க வத்தல் மிளகாயைத் தவிர ஒண்ணும் கிடைக்காது" என்றார். "ஒண்ணும் தேடல்லை முதலாளி. உங்களுக்கு வலது காலு இழுக்குது. மாடிப்படிக்கு இடது பக்கம் கைப்பிடி வேணும்" என்றார் அவர். மாமனாருக்கு வலது முழங்காலில் வலி இருந்தது உண்மை. வீட்டில் யாரும் அதை வாய்விட்டுச் சொல்லக்கூடாது என்பதும் உண்மை. கடையில் அப்போது கோட்டாற்று வியாபாரிகள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மாமனாரின் மூக்கு சிவந்துபோயிற்று.

மரவேலையில் மாடிப்படி மட்டும்தான் அவர் செய்வார். கட்டில் செய்யக் கூப்பிட்டால் போகமாட்டார். கதவு, ஜன்னல் என்றால் "அதுக்கு ஆளு நிறைய உண்டு" என்பார். கோட்டைக்குள்ளும் புத்தன்சந்தைப் பக்கமும் மாடி வைத்துக் கட்டுகிறவர்கள் அவரைத் தேடி அவர் குடியிருந்த கரமனைக்குப் போவார்கள். ஒல்லியான உடம்பு. காது மயிரில் எப்போதும் மரத்தூள். கையில் அளவெடுக்க ஒரு முழக்கோல். உட்காரும்போது ஒரு பெருமூச்சு, எழுந்திருக்கும்போது ஒன்று. ஆறு மாதத் தூக்கம் பாக்கி இருக்கிறவர் மாதிரி இருப்பார். அவருக்கும் ஒரு பெயர் இருந்திருக்கும். ஆசாரி என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தார், அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்டுவைக்கவில்லை.

அவர் வாயில் பொய் வராது. இதைப் பெருமையாகச் சொல்வதாக நினைக்க வேண்டாம். பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு அது எவ்வளவு பெரிய தொல்லை என்று பட்டவர்களுக்குத்தான் தெரியும். புத்தன்சந்தையில் ஒரு வக்கீல் வீடு. மாடிப்படி கிரீச்சிடுகிறது என்று இவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். இவர் ஒவ்வொரு பலகையாகத் தடவிப் பார்த்துவிட்டு, வக்கீல், சம்சாரம், பிள்ளைகள், வேலைக்காரர்கள் எல்லாரும் நிற்கும்போதே, "எல்லாப் பலகையும் நடுவில தேஞ்சிருக்கு. நாலாம் படி மட்டும் புதுசாட்டம் இருக்கு. இந்த வீட்டில யாரோ சத்தம் கேக்காம இருக்க நாலாம் படியைத் தாண்டித் தாண்டிப் போறாங்க" என்று சொல்லியிருக்கிறார். வக்கீல் மெள்ளத் திரும்பி மூத்த மகனைப் பார்த்தாராம். பையன் நாடகக் கொட்டகைக்குப் போய்வந்துகொண்டிருந்த விஷயம் அன்றைக்கு வெளிச்சத்துக்கு வந்தது. அந்த மாதமே அவனுக்குப் பெண் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். ஆசாரியை அந்த வீட்டுக்குள் மறுபடி விடவில்லை. "மரம் சொன்னதைச் சொன்னேன், எனக்கென்ன" என்று என் மாமியாரிடம் அவர் இந்தக் கதையைச் சொன்னபோது, அடுப்படியில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். மாமனார் வீட்டில் நான் சிரித்த நாட்கள் குறைவு, அதனால் ஞாபகம் இருக்கிறது.

நான் நாகர்கோவில் பக்கத்துப் பெண். பத்தொன்பது வயதில் சாலை பஜாரில் மிளகாய் மொத்த வியாபாரம் செய்கிற குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். கீழே முன்பக்கம் கடை, பின்பக்கம் மூட்டைகள் அடுக்கும் கிட்டங்கி, அதற்கும் பின்னால் கிணறு. மிளகாய் நெடி தாங்காது என்பதால் குடித்தனமும் சமையலும் மாடியில். குழாய்த் தண்ணீர் வராத காலம். குடிக்க, சமைக்க, பாத்திரம் கழுவ, மாமனார் கால் கழுவ, ஒவ்வொரு சொட்டும் கிணற்றடியிலிருந்து மேலே ஏற வேண்டும். ஏறுவதற்கு இருந்தது படி என்று சொல்ல முடியாத ஒரு ஏணி. பத்தே படி, ஒவ்வொன்றும் முழங்காலை இடிக்கும் உயரம். பெண்கள் வெறுங்கையோடு ஏறுவதே பாடு. அதனால் தண்ணீர்க் குடத்தை மட்டும் கடையில் மூட்டை சுமக்கும் சுமட்டுக்காரர் தோளில் வைத்து ஏற்றித் தந்துவிடுவார்.

அந்த ஏணியிலிருந்துதான் நான் விழுந்தேன். கல்யாணமான மறுவருஷம், வயிற்றில் நாலாம் மாதம். மேலிருந்து மூன்றாம் படியில் கால் வைத்தது தெரியும், பிறகு மிளகாய் மூட்டைமேல் கிடந்தது தெரியும். அன்று சாயங்காலம் எல்லாம் முடிந்துவிட்டது. மூன்றாம் மாதமே ஊருக்கெல்லாம் சொல்லிக் கண் பட்டுவிட்டது என்றார்கள், நடக்கத் தெரியாத பெண் என்றார்கள். ஏணியைப் பற்றி ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் மாமியார் மட்டும் பத்து நாள் மாமனாரிடம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்து, "இந்த வீட்டுக்கு ஒரு மாடிப்படி வேணும். இல்லேன்னா நான் என் தம்பி வீட்டுக்குப் போயிருவேன்" என்று நின்றார். அப்படித்தான் ஆசாரி வந்தார்.

வந்தவர் முதல் மூன்று நாள் ஒரு வேலையும் செய்யவில்லை. கிட்டங்கியில் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து சுக்குத் தண்ணீர் குடித்தார், அவ்வளவுதான். ஆனால் கிணற்றடிக்குப் போகிற வாசலில் ஒரு மரக்கட்டை குறுக்கே கிடந்தது. நான் தாண்டிப் போனேன். மறுநாள் அதே இடத்தில் வேறொரு கட்டை, கொஞ்சம் உயரம் கூட. மூன்றாம் நாள் இன்னொன்று. ஒரு நாளைக்கு முப்பது தடவை அந்த வாசலில் போய் வருகிறவளுக்கு எப்படி இருக்கும்? "இந்தக் கட்டையை இங்க போட்டு ஏன் என் உயிரை வாங்கணும்? எடுத்து அடுப்புல வைக்கப்போறேன் பாருங்க அத்தை" என்று கத்தினேன். ஆசாரி காதில் விழுந்தாற்போலவே காட்டிக்கொள்ளவில்லை. நாலாம் நாள் காலையில் கட்டைகளைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு கடைக்குப் போய், "கோல் கணக்குல ஆறு விரல், முக்கால் சாண் உயரம். அதுக்குமேல போனா மருமகளுக்குக் காலு யோசிக்குது" என்று மாமனாரிடம் சொன்னார்.

அப்போதுதான் விளங்கியது. என்னிடம் நேரே கேட்க முடியாது, நான் முகம் கொடுத்துப் பேசவும் மாட்டேன். வீட்டில் அதிகம் ஏறி இறங்கப்போகிறவள் யார் என்று பார்த்து, அவள் கால் எவ்வளவு உயரத்தை நினைக்காமல் தாண்டுகிறது என்று அளந்திருக்கிறார். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வீட்டுக்கு நான் வந்த பிறகு, எனக்கு எது சுலபம் என்று யோசித்த முதல் ஆள் அவர்தான்.

மாமனார் சும்மா விடுவாரா? ஆறு விரல் என்றால் படி சாய்ந்து நீளும், பன்னிரண்டு மூட்டை போடுகிற இடம் போகும்.

"வேய் ஆசாரி, பின்னே என் மூட்டையை எங்க போட? உம்ம கரமனை வீட்டிலயா?"

"படிக்கு அடியில போடுங்க முதலாளி."

"எலி வரும்."

"எலி இப்பவும் வருது. கிட்டங்கித் தரையெல்லாம் அதுக்க காலுத் தடம் இருக்கு."

மாமியார் குறுக்கே வந்து, "மதி, மதி, போதும். ஆறு விரல்தான்" என்று முடித்துவைத்தார்.

மரம் அவரே கொண்டுவந்தார். அயினி, பலா ஜாதி மரம். எட்டு வருஷத்துக்கு முன்னால் அறுத்து, குளத்தில் ஊறப்போட்டு, எடுத்து நிழலில் உலர்த்தி, தன் கொட்டகையிலேயே வைத்திருந்ததாம். தங்கம்போல மஞ்சள் நிறம். ஒரு பலகையைத் தூக்கிப் பிடித்து விரல்முட்டியால் தட்டி, மாமனாரைக் காதைக் கொண்டுவரச் சொன்னார். வெண்கலப் பானையைத் தட்டினது மாதிரி கணீரென்று கேட்டது, மாடியிலிருந்து எட்டிப் பார்த்த எனக்கே கேட்டது. "இனி இது நூறு வருஷத்துக்குக் கோணாது" என்றார். அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்றைப் பார்த்தது அன்றைக்கு ஒரே தடவைதான்.

இரண்டு மாதத்தில் படி எழுந்து நின்றது. ஆணி அடித்த அடையாளம் எங்கும் கிடையாது, எல்லாம் பொருத்து. மாமனார் ஒரு நல்ல நாள் பார்த்து, குளித்துத் திருநீறு பூசி, முதல் தடவையாக ஏறினார். எங்கள் பக்கத்தில் படியை லாபம், நஷ்டம் என்று மாற்றி மாற்றி எண்ணிக்கொண்டே ஏறுவார்கள், கடைசிப் படி லாபத்தில் முடிய வேண்டும். அதுவும் வியாபாரி வீடு. "லாபம்... நஷ்டம்... லாபம்..." என்று எண்ணிக்கொண்டே போனவர், கடைசிப் பலகையில் கால் வைத்ததும் "நஷ்டம்" என்று சொல்லிவிட்டு அப்படியே நின்றுவிட்டார். மொத்தம் பதினாலு பலகை.

"வேய்! என்ன வேலை செஞ்சு வச்சிருக்கீரு?"

"பதினாலு பலகை முதலாளி. பதினஞ்சாம் தடவை காலு மாடித் தரையில வரும்."

மாமனாருக்கு உயிர் வந்தது. "அப்படிச் சொல்லும்! தரையையும் சேர்த்துப் பதினஞ்சு படி. லாபம். செரிதானே?"

வேறு எந்த ஆசாரியும் "ஆமா முதலாளி" என்று சொல்லி வெற்றிலை வாங்கிக்கொண்டு போயிருப்பான். இவர் கீழே நின்று, மாமனாரின் காலைப் பார்த்தபடி, "தரை தரைதான், படி இல்லை. நான் செஞ்சது பதினாலு. பதினஞ்சுன்னு எப்படிச் சொல்ல?" என்றார்.

"சொல்லித் தொலையும்வேய், வாய் வலிக்குமா?"

"பதினாலு."

"இன்னொரு பலகையைச் சேரும்!"

"சேர்த்தா எல்லாப் படியையும் பிரிச்சு உயரத்தை மாத்தணும். ஒண்ணை மட்டும் சொருகினா காலு ஏமாந்து ஆளு விழும். அதுக்கு வேற ஆளைப் பாருங்க."

அரைமணி நேரம் இப்படியே போயிற்று. சாமி கும்பிடக் கற்பூரத் தட்டை வைத்துக்கொண்டு நின்ற என் மாமியாருக்குப் பொறுமை போய்விட்டது. விறுவிறுவென்று இறங்கிப்போய்க் கீழே தரையில் காலை ஊன்றி, "இது லாபம். தரையில நின்னாத்தானே ஏற முடியும்?" என்று சொல்லிவிட்டு முதல் பலகையை நஷ்டம் என்று ஆரம்பித்து ஏறினார். கடைசிப் பலகை லாபத்தில் முடிந்தது. மாமனார் கையெடுத்துக் கும்பிட்டார். எல்லாரும் பாயசம் குடிக்கப் போகும்போது ஆசாரி மெதுவாக, "அம்மா எண்ணினது பதினஞ்சு. செஞ்சது பதினாலுதான்" என்றார். அவருக்குப் பாயசம் கொடுக்க வேண்டாம் என்று மாமனார் கண்ணைக் காட்டினார். நான் கொடுத்தேன்.

போகும்போது, "மண்டலம் கழிஞ்சு வருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். நாற்பத்தொரு நாள் ஆனதும் வந்து, வீட்டார் கால் படியில் எப்படிப் பழகியிருக்கிறது என்று உட்கார்ந்து பார்ப்பது அவர் வழக்கம். யாரும் கூப்பிட வேண்டாம், அவரே வந்துவிடுவார்.

புதுப் படியில் ஏறுவது எப்படி இருந்தது தெரியுமா? ஏறினதே தெரியாது. பேசிக்கொண்டே ஏறிவிடலாம். சாலைத் தெருவில் பாதிப் பேர் வந்து ஏறிப் பார்த்துவிட்டுப் போனார்கள். மாமனாரும் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை ஏறி இறங்கினார். எட்டாம் நாள் சாப்பிட்டுக் கை கழுவும்போது, "இவ்வளவு லேசா ஏறலாம்னா குடம் ஏத்த ஒரு ஆளு எதுக்கு? சுமட்டுக்காரன் கடை வேலையைப் பாக்கட்டு. வீட்டுப் பொண்ணு இதைக்கூடச் செய்யக்கூடாதா?" என்றார். மாமியார் எச்சில் இலையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அவருக்கும் அது நியாயமாகத்தான் பட்டிருக்கும். படி லேசுதானே!

காலையில் பன்னிரண்டு குடம், மத்தியானம் ஆறு, சாயங்காலம் எட்டு. கோயில் ஆறாட்டுத் திருவிழா சமயம் ஊரிலிருந்து விருந்தாள் வந்தால் கணக்கே கிடையாது. பித்தளைக் குடம் வெறுமனேயே கனக்கும். ஏணி இருந்தவரை பெண்களால் ஏற்ற முடியாது என்று விட்டிருந்தது எல்லாம், மாவாட்டின உரல் கழுவுகிற தண்ணீர் முதற்கொண்டு, என் இடுப்புக்கு வந்து சேர்ந்தது. முதல் வாரம் படியைப் புகழ்ந்துகொண்டே ஏறினேன். இரண்டாம் வாரம் வாய் பேசவில்லை. மூன்றாம் வாரம் அந்த ஆசாரியை மனதார வைதேன்.

இதற்கிடையில் எனக்கு நாள் தள்ளிப்போயிருந்தது. என் கணவர் வத்தல் கொள்முதலுக்கு விருதுநகர் போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. போன தடவை மூன்றாம் மாதம் ஊருக்குச் சொல்லி என்ன ஆயிற்று என்று பார்த்தாயிற்று, இந்தத் தடவை ஐந்து முடிகிறவரை மூச்சு விடுவதில்லை என்று எனக்குள் சபதம். மாமியாரிடம்கூடச் சொல்லவில்லை. சொல்லாமல், குடம் தூக்க மாட்டேன் என்று எப்படிச் சொல்ல? சொன்னால் சோம்பேறி. காரணம் சொன்னால் கண் படும். பகவானே, இந்தத் தடவை விட்டுவிடு, இந்தத் தடவை மட்டும் விட்டுவிடு என்று ஒவ்வொரு படிக்கும் ஒரு தடவை சொல்லிக்கொண்டு ஏறினேன். அடிவயிறு சில நாள் இழுத்துப் பிடிக்கும். அப்போது குடத்தை இறக்கிவைத்துவிட்டுப் பாதிப் படியில் நிற்பேன். 

நாற்பத்தொன்றாம் நாள் ஆசாரி வந்தார். பெருமூச்சு விட்டுக்கொண்டு படிக்கு எதிரே மூட்டைமேல் உட்கார்ந்தார். நான் பாட்டுக்கு ஏறினேன், இறங்கினேன். ஐந்தாம் குடமோ ஆறாம் குடமோ, கிட்டங்கியில் வேறு யாரும் இல்லாத சமயம், அவர் என் ஈரக் கால்தடத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"முன்னே தண்ணி யாரு ஏத்தினா?"

எனக்கு வந்த கோபத்தில் மருமகள், மரியாதை எல்லாம் பறந்துபோயிற்று. "சுமட்டுக்காரர் ஏத்தினாரு. நீரு நல்ல படி செஞ்சு தந்தீரே, அதுக்குப் பிறகு நான் ஏத்துகேன். ஏணியாவது ஒரு நாள்தான் தள்ளிவிட்டுது. உம்ம படி தினமும் கொல்லுது" என்றேன். சொல்லிவிட்டு அழுகை வந்துவிட்டது. புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

அவர் எழுந்து வந்து, கீழ்ப் படியில் கை வைத்து ஈரத்தைத் தடவிப் பார்த்தார்.

"ஒரு படிக்கு ரெண்டு காலும் வச்சு ஏறுகே. இறங்கும்போ வயித்துக்குக் கை போகுது. எத்தனை மாசம் அம்மா?"

கணவருக்குத் தெரியாது, மாமியாருக்குத் தெரியாது. அந்த மனுஷர் கேட்கிறார்!  வாய் தானாக "மூணு" என்றது. உடனே, "யார்கிட்டயும் சொல்லிராதீரு, உமக்குப் புண்ணியமாப் போகும்" என்று கெஞ்சினேன். இவர் வாயில் எதுவும் நிற்காது என்று எனக்குத் தெரியாதா? நேரே கடைக்குப் போய், மரம் சொன்னது கால் சொன்னது என்று எல்லார் முன்னாலும் போட்டு உடைக்கப்போகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

 அவர் முழக்கோலை எடுத்துக்கொண்டு முன்பக்கம் போனார். நான் கதவுக்குப் பின்னால் நின்று காதைக் கூர்மையாக்கிக்கொண்டேன். கடையில் அன்று கூட்டம். மாமனார், கணக்குப்பிள்ளை, ஜவுளிக்கடைக்காரர், ஊரிலிருந்து வந்த இரண்டு வண்டிக்காரர்கள்.

"முதலாளி, ஒரு தப்பு நடந்துபோச்சு" என்றார் ஆசாரி.

"என்ன தப்பு?"

"மரம் பச்சை. மேலே காய்ஞ்சிருந்தது, உள்ளே காயல்லை. நான் பாக்காம விட்டுட்டேன்."

 மாமனார் எழுந்த சத்தம் கேட்டது.

"எட்டு வருஷம் ஊறப்போட்டு உலர்த்தினதுன்னு சொன்னீரே! காதுகிட்டத் தட்டிக் காட்டினீரே!"

"காட்டினேன். தப்புதான். இப்போ தண்ணி சொட்டிச் சொட்டி உள்ளே ஈரம் ஏறுது. தண்ணிக் குடம் கொண்டுபோற பொம்பளைக் காலு எல்லாப் படியையும் நனைக்குது. இப்படிப் போனா பலகை கோணிப் பொருத்து விட்டுரும். ஒரு வருஷத்துக்கு மருமக குடம் ஏத்தக் கூடாது. சுமட்டுக்காரரு தோள்ல வச்சு, சொட்டாம, துணி போட்டு ஏத்தட்டு."

"தூ! நீரெல்லாம் ஒரு ஆசாரியா?" என்று ஆரம்பித்தார் மாமனார். அன்றைக்கு அவர் வைத வசவை நான் எழுத மாட்டேன். ஜவுளிக்கடைக்காரரும் சேர்ந்துகொண்டார். அவர் வீட்டுக்கும் படி செய்ய ஆசாரியிடம் பேசிவைத்திருந்தார். அதை அங்கேயே வேண்டாம் என்றார். ஆசாரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். "செரி முதலாளி, தப்புதான்" என்று மூன்று தடவையோ நாலு தடவையோ சொன்னது கேட்டது. பதினாலைப் பதினஞ்சு என்று சொல்ல வராத வாய் அது.

யாரும் சந்தேகப்படவில்லை. எப்படிப் படுவார்கள்? பொய் சொல்லாத ஆசாரி என்று சாலை முழுக்கத் தெரியும். அதோடு, தன் வேலை மோசம் என்று எவனாவது பொய் சொல்வானா?

அன்று மத்தியானமே சுமட்டுக்காரர் குடத்தைத் தோளில் வைத்து, அடியில் துணி சுற்றி, ஏதோ அபிஷேகத் தீர்த்தம் கொண்டுபோகிற மாதிரி ஏறினார். "ஒரு சொட்டு விழப்படாது" என்று மாமனார் கீழே நின்று காவல். மருமகளுக்காக நிறுத்தாத குடத்தை மரத்துக்காக நிறுத்தினார். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. ஆனால் அன்று மாடி அறையில் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டு, அதற்குமேல் ஒரு குடம்கூடத் தூக்காமல், நிம்மதியாக அழுதேன்.

எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. மாசம் தவறாமல், நோவு அதிகமில்லாமல், நல்ல குழந்தை.

ஆசாரிக்குப் பெயர் கெட்டுப்போயிற்று. சாலையில் ஒரு கோடியில் தும்மினால் மறு கோடியில் மருந்து சொல்வார்கள், அப்படிப்பட்ட தெரு. "பச்சை மரத்து ஆசாரி" என்றே பெயர் வைத்துவிட்டார்கள். கோட்டைக்குள் பேசிவைத்திருந்த வேலை போயிற்று. வக்கீல் வீட்டில் அன்றைக்கே தெரியும் என்று சொல்லிச் சிரித்தார்களாம். கட்டில் கால் கடைகிறார், பலகை இணைக்கிறார், கதவுக்குத் தாழ்ப்பாள் பொருத்துகிறார் என்று என் கணவர் அவ்வப்போது வந்து சொல்வார். "பாவம், வயசான காலத்துல" என்று அவரே உச்சுக்கொட்டுவார். நான் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன்.

சொல்லியிருக்கலாம். குழந்தை பிறந்த பிறகாவது கணவரிடம் மட்டுமாவது சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரைக்கும் வரும். மரம் பச்சை இல்லை என்று தெரிந்தால் சுமட்டுக்காரர் மறுபடி கடைக்குப் போவார், குடம் என் இடுப்புக்கு வரும். ஒரு வருஷம் என்று ஆசாரி சொன்னதை மாமனார் மறந்துவிட்டார், அல்லது படி கெட்டுவிடும் என்ற பயம் அவரைவிட்டுப் போகவில்லை. நான் ஞாபகப்படுத்துவேனா? அப்புறம் இரண்டாவது உண்டானேன். அப்புறம் எப்படிச் சொல்ல? அன்றைக்கு அன்றைக்கு ஒரு காரணம் இருந்தது. களைத்துப்போனவளுக்குக் காரணம் கிடைப்பதா கஷ்டம்?

மூன்று வருஷம் கழித்து ஒரு நாள் அவர் கடைக்கு வந்தார். கால் வீசை மிளகாய் வாங்க வந்திருக்கிறார், மொத்தக் கடை என்றும் பாராமல். இன்னும் மெலிந்திருந்தார். மாமனார் அன்று நல்ல குஷியில் இருந்தார். யாரோ திருநெல்வேலி வியாபாரிக்கு வீட்டைக் காட்டிக்கொண்டிருந்தவர், ஆசாரியைக் கிட்டங்கிக்குள்ளேயே கூப்பிட்டுவிட்டார். படியின் கைப்பிடியை ஓங்கித் தட்டினார். கணீரென்றது.

"இதைச் செஞ்சது இந்த ஆளுதான். பச்சை மரத்தை என் தலையில கட்டினாரு. ஆனா பாருங்க, என் ராசி, மூணு வருஷமா ஒரு கோணல் உண்டா, ஒரு விரிசல் உண்டா? நான் பொத்திப் பொத்திப் பாத்துக்கிட்டேன்லா!" என்று சிரித்தார். வியாபாரியும் சிரித்தார். "என்னவேய் ஆசாரி, நான் சொல்றது செரிதானே?"

நான் ஆறாம் படியில் நின்றுகொண்டிருந்தேன். இடுப்பில் சின்னது, கையைப் பிடித்துக்கொண்டு பெரியது. ஆசாரி தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். பிள்ளைகளைப் பார்த்தார்.

"ஆமா முதலாளி. உங்க ராசிதான்" என்றார்.

இதுதான் சமயம் என்று தோன்றியது. மாமா, மரம் பச்சை இல்லை. நாலே வார்த்தை. வாயைத் திறந்துவிட்டேன்கூட. அதற்குள் கீழேயிருந்து சுமட்டுக்காரர் தோளில் குடத்தோடு ஏறி வந்து, "கொஞ்சம் வழி விடுங்க அம்மா, கனக்குது" என்றார்.

பிள்ளைகளை இழுத்துக்கொண்டு சுவரோரம் ஒதுங்கி நின்றேன்.